அந்தப் பக்கத் தாழ்ப்பாள்

"இந்தச் சுவத்துல ஒரு கதவு வேணும்மா" என்றாள் சுண்டு.

காலை வெயில் அப்போதுதான் அறைக்குள் எட்டிப் பார்த்தது. தரையில் பழைய செய்தித்தாள்கள் விரித்திருந்தன. கையில் பிரஷ்ஷோடு நின்ற டேப்பு, மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கதவுதான் இருக்கே. அந்தா, நீ உள்ள வந்தியே, அது என்னவாம்?"

"அது வேற. இங்க ஒண்ணு. வரைஞ்சா போதும்."

டேப்பு சிரித்துவிட்டாள். பொம்மை கேட்கும், பூ கேட்கும், பறவைக் கூட்டம் கேட்கும் பிள்ளைகளை அவளுக்குத் தெரியும். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து திரை தைத்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். கல்யாணமான புதிதில் கணவன் கேலிக்கு வைத்த பெயர்தான் டேப்பு. இப்போது வாடிக்கையாளர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள். எத்தனையோ குழந்தைகளின் அறைக்கு அவள் திரை தைத்திருக்கிறாள். துணியைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் அம்மாக்கள்தான். கட்டிலில் படுக்கப் போகிற பிள்ளை வாசல்படியில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

தன் மகளுக்கென்று ஓர் அறை வாய்த்தால் எல்லாவற்றையும் அவளிடமே கேட்க வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டியிருந்தாள். ஒற்றை அறைக் குடித்தனத்தில் அதற்கு வழியில்லை. பெரிய மனசு பண்ணி நாத்தனார் தன்னுடைய பூட்டிக் கிடந்த வீட்டின் சாவியைக் கொடுத்தபோதுதான் வழி பிறந்தது. வந்து இறங்கிய நாள் முதல் இந்த வீட்டில் எந்த மூலையைப் பெருக்கினாலும் மறுநாள் அங்கே அதே தூசி கிடக்கிறது என்பதைத் தவிர வேறு குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

இந்த வாரம்தான் சுண்டு சின்ன அறையில் தனியாகப் படுக்க ஆரம்பித்திருந்தாள். ஆறு வயதுக்கு அது பெரிய வீரம். சுண்டெலி மாதிரி சந்து பொந்தெல்லாம் நுழைவதால் சுண்டு. பயம் என்றால் என்ன விலை என்று கேட்கிற ரகம்.

ஆனால் அறையை எப்படி அலங்கரிக்கலாம் என்று கேட்டதும் அவள் யோசிக்கவே இல்லை. அதுதான் டேப்புவுக்குக் கொஞ்சம் உறுத்தியது. பிள்ளைகள் காலையில் ஒன்று சொல்லும், மத்தியானம் மாற்றும், ராத்திரி அழும். இவளோ கடைக்குப் போன பெரிய மனுஷி மாதிரி கடகடவென்று சொன்னாள். சுவர் அழிரப்பர் மாதிரி வெளிர் ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். கட்டில் சுவரை ஒட்டி வேண்டாம், நடுவில் போட வேண்டும். ஜன்னலுக்குத் திரையே வேண்டாம்.

"திரை வேணாமா? தைக்கிறவ வீட்டுலயேவா?"

"வெளிய தெரியணும்மா. மூடினா நேரம் தெரியாது."

நேரம் பார்க்கவே தெரியாத பிள்ளை சொன்ன பதில் அது. டேப்பு அப்போது கவனிக்கவில்லை.

நேற்று அழிரப்பர் நிறம் அடித்து முடித்தாகிவிட்டது. இன்று கதவு. ஜன்னல் சட்டத்துக்கு அடித்தது போக மிஞ்சிய பழுப்பு பெயின்ட்டை ஒரு தகர டப்பாவில் ஊற்றிக் கொடுத்தாள். ஸ்கேல் வேண்டுமா என்றாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, சுண்டு வெறும் உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள். அங்கிருந்து கோடு இழுத்தாள். மறுபடி தடவினாள். நின்றாள். கோடு.

எட்டாத உயரத்துக்கு நாற்காலி போட்டுக் கொடுத்த டேப்பு, முடிந்ததும் இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். கோடுகள் நேராக இருந்தன. பிள்ளை வரைந்த கதவு கோணல்மாணலாக இருக்க வேண்டாமா? இது தச்சர் வைத்த நிலை மாதிரி நின்றது.

"தாழ்ப்பாள் போடலையா குட்டி?"

"இந்தப் பக்கம் இல்லம்மா. தாழ்ப்பாள் அந்தப் பக்கம்தான்."

"எந்தப் பக்கம்?"

சுண்டு பிரஷ்ஷை மண்ணெண்ணெய்யில் முக்கிக் கழுவிக்கொண்டே, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். "நாம உள்ள இருக்கோம்ல? அதான்."

டேப்புவின் முதுகில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு நகர்ந்தாள். பெயின்ட் வாசனை தலைக்கு ஏறியிருக்கும், வேறொன்றுமில்லை. கை சும்மா இருந்தால் மனம் கண்டதையும் மேயும் என்று, தன் படுக்கையறை ஜன்னலுக்காவது திரைக்கு அளவெடுக்கப் போனாள்.

அளக்கத் தொடங்கினால் அவளால் ஜன்னலோடு நிறுத்த முடியாது. பழக்க தோஷம். படுக்கையறையின் நீளத்தை அளந்தாள். சுண்டுவின் அறையை அளந்தாள். இரண்டும் அடுத்தடுத்த அறைகள். பிறகு, எதற்கென்று அவளுக்கே தெரியாமல், கொல்லைப்புறம் போய் இரண்டு அறைகளுக்கும் பொதுவான வெளிச்சுவரை அளந்தாள்.

கணக்கு உதைத்தது.

மறுபடி அளந்தாள். துணியில் அரை விரல் பிசகினாலும் அன்று அவளுக்குச் சோறு இறங்காது. இங்கே பிசகியது அரை விரல் இல்லை. இரண்டு அறைகளையும் நடுச்சுவரையும் கூட்டினாலும் வெளிச்சுவர் மிஞ்சியது. ஒரு ஆள் தாராளமாக நடந்து போகிற அகலத்துக்கு மிஞ்சியது. வீட்டுக்குள் எங்கேயும் இல்லாத ஓர் இடம் வீட்டுக்குள் இருந்தது.

சுண்டுவின் அறைக்குத் திரும்பி, வரைந்த கதவுக்குப் பக்கத்தில் விரல் முட்டியால் தட்டினாள். திடமான சுவர். கதவுக்குள், பெயின்ட் காயாத இடத்தைத் தவிர்த்து, நடுவில் தட்டினாள். சத்தம் வேறு மாதிரி வந்தது. காலிப் பானையைத் தட்டினது போல.

"தட்டாதம்மா" என்றாள் சுண்டு, மெதுவாக. "தட்டினா பதில் சொல்ல வேண்டியிருக்கும் அவங்களுக்கு."

"எவங்களுக்குடி?"

சுண்டு உதட்டைப் பிதுக்கினாள். "பார்த்ததில்ல."

கணவன் மத்தியானம் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். விடுமுறை நாளில்தான் ஊரில் உள்ள லிஃப்ட்டெல்லாம் மாடிக்கு நடுவில் நின்று தொலைக்கும். கருவிப் பையை இறக்கி வைத்துவிட்டு, "எங்கே என் இன்ஜினியரம்மா, ரூம் முடிஞ்சுதா?" என்று உற்சாகமாக உள்ளே நுழைந்தவன், அந்தச் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"டேப்பு... இதுக்குத்தான் இந்த ரூமைத் திறக்க வேணாம்னு..."

"யாரு சொன்னா?"

"அக்கா. சாவி கொடுக்கும்போது சொன்னா. மத்ததெல்லாம் உங்க இஷ்டம், சின்ன ரூமை மட்டும் பூட்டியே வைங்கன்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சுண்டுக்குத் தனி ரூம்னு அவ்வளவு சந்தோஷமா இருந்த. அக்கா ஏதோ பழைய சாமான் பாசத்துல சொல்றான்னு விட்டுட்டேன்."

"ஏன்னு கேக்கலையா?"

"அக்காகிட்டயா? கேக்குறதா?"

அது நியாயமான பதில்தான். நாத்தனார் பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். அவள் செருப்புச் சத்தம் கேட்டால் டாக்டர்களே சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்கள் என்று பேச்சு. டேப்பு கொல்லைப்புறக் கணக்கைச் சொல்லச் சொல்ல, கணவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, சாயங்காலம் அக்காவுக்கு ஃபோன் போட்டுப் பக்குவமா கேக்கலாம்" என்றான் கடைசியில்.

"நான் காலையிலேயே பேசிட்டேன்ப்பா" என்றாள் சுண்டு, தட்டில் சோற்றை அளைந்தபடி. "நீங்க வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, உங்க ஃபோன்லதான். அத்தை வர்றேன்னாங்க."

"என்னன்னு பேசின?"

"கதவு வரையப் போறேன், பார்க்க வாங்கன்னு."

வெயில் தாழ்வதற்குள் வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. நாத்தனார் வேலைக்குப் போகும் உடுப்பிலேயே வந்திருந்தாள். பாதி வேலையில் போட்டது போட்டபடி கிளம்பியிருக்க வேண்டும். எப்போதும் படிய வாரியிருக்கும் தலையில் ஒரு பக்கம் முடி பிரிந்து தொங்கியது. நேராகச் சின்ன அறைக்கு நடந்தவள், வாசல்படியில் நின்றுவிட்டாள். கால் உள்ளே வரவில்லை.

அழிரப்பர் நிறச் சுவரைப் பார்த்தாள். நடுவில் போட்ட கட்டிலைப் பார்த்தாள். திரையில்லாத ஜன்னலைப் பார்த்தாள். கடைசியாகக் கதவை.

"யாரு சொல்லிக் கொடுத்தா இவளுக்கு?" குரல் அவளுடையதாகவே இல்லை. கீச்சென்று, சின்னப் பெண்ணின் குரல் போல இருந்தது.

"யாரும் இல்ல அத்தை. சுவத்துல அந்த இடம் மட்டும் ஜில்லுன்னு இருந்துச்சு. அதைச் சுத்தி வரைஞ்சேன்."

"கட்டில்?"

"சுவத்து ஓரமா படுத்தா சத்தம் கேக்குது."

நாத்தனார் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். டேப்பு ஓடிப்போய்த் தாங்கினாள். ஊருக்கெல்லாம் நாடி பிடிக்கிற கை, டேப்புவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

"இது என் ரூம்மா" என்றாள். "கல்யாணமாகி வந்து இங்கதான் இருந்தேன். இதே நிறம், இதே மொட்டை ஜன்னல், கட்டிலும் நடுவுலதான். இப்ப நாம உக்காந்திருக்கிற வாசல் அப்போ கிடையாது. இதை அப்புறம் நான்தான் இடிச்சு வச்சேன். அந்தா, அவ வரைஞ்சிருக்காளே, அதுதான் வாசல். அதுக்கு அப்பால, ரெண்டு ரூமுக்கும் நடுவுல ஒரு நடை. அங்கிருந்துதான் தாழ்ப்பாள் போடுவாங்க."

"யாரு?" என்றான் தம்பி.

"என் வீட்டுக்காரர்தான். கடைக்குப் போறதுக்கு முன்னாடி என்னை உள்ள போகச் சொல்வார். அம்மாதான் பூட்டி வைக்கச் சொன்னாங்க, நீ வேலைக்குப் போறேன்னு பிடிவாதம் பிடிக்கிறியாம்னு சொல்வார். சாயங்காலம் வந்து திறந்துவிடுவார். மாமியார் அதுக்குள்ள அடுப்படியில உக்காந்திருப்பாங்க. தலையே நிமிர மாட்டாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. எவ்வளவு நெஞ்சழுத்தம்னு நினைப்பேன்."

"அக்கா, நான் ஹாஸ்டல்ல இருந்து ஃபோன் பண்ணும்போதெல்லாம் நல்லா இருக்கேன்னு சொல்லுவியே..."

"அவர் பக்கத்துல நிப்பார்டா."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுண்டு மட்டும் அத்தையின் அருகில் வந்து, பெயின்ட் கையோடு அவள் மடியில் சாய்ந்தாள்.

"அத்தை, நீங்களும் தட்டுவீங்களா?"

நாத்தனார் தலையசைத்தாள். "பைத்தியம் பிடிக்காம இருக்கத் தட்டுவேன். ஒரு நாள், அந்தப் பக்கத்துலேர்ந்து யாரோ திருப்பித் தட்டினாங்க. மாமியார்தான் கேலி பண்றாங்கன்னு நினைச்சேன். ஆனாலும் தட்டுறதை விடல. அந்தச் சத்தத்துக்காகவே விடியும்னு காத்திருந்த நாளெல்லாம் உண்டு. அப்புறம் ஒரு மழைக்காலத்துல மாமியார் போய்ச் சேர்ந்துட்டாங்க. அடக்கம் பண்ணிட்டு வந்த மறுநாள் என்னை உள்ள விட்டுப் பூட்டினார். நான் தட்டல."

"அப்புறம்?" என்றாள் டேப்பு.

"அங்கேர்ந்து தட்டல் வந்துச்சு."

கொல்லைப்புறத்தில் எங்கோ ஒரு வாளி உருண்டது.

"அவரும் போனார், கடையிலேயே மாரைப் பிடிச்சுக்கிட்டு. சேதி சொல்ல வந்தவங்கதான் என்னைத் திறந்துவிட்டாங்க. தட்டல் மட்டும் நிக்கல. கொத்தனாரைக் கூட்டி வந்து, ரெண்டு ரூமுக்கும் வேற வாசல் வச்சு, நடையை எல்லாப் பக்கமும் அடைச்சிடுன்னு சொல்லிட்டு, நான் தெருவுலேயே நின்னேன். உள்ள எட்டிக்கூடப் பார்க்கல. இத்தனை வருஷம் கழிச்சு, பிள்ளை சத்தம் கேட்டா வீடு மாறிடும்னு நினைச்சு உங்களை வரச் சொன்னேன்."

டேப்புவுக்குப் பரிதாபமும் கோபமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. "அண்ணி, எனக்கு நெஞ்சே ஆறல. ஆனா என் பிள்ளை இந்த ரூம்ல தனியாப் படுத்திருக்கா. ஒரு வார்த்தை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்."

"பூட்டி வைக்கச் சொன்னேனேம்மா, இவன்கிட்ட."

இரண்டு பெண்களும் சேர்ந்து அவனைப் பார்த்தார்கள். அவன் எழுந்து போய்க் கருவிப் பையிலிருந்து சுத்தியலும் உளியும் எடுத்து வந்தான். சுவர் அருகே போய் நின்றவன், என்ன நினைத்தானோ, மகளிடம் திரும்பிக் குனிந்தான்.

"இது உன் ரூம். நீதான் சொல்லணும். உடைக்கலாமா?"

"கதவுன்னா திறக்கணும்லப்பா" என்றாள் சுண்டு.

முதல் அடி விழுந்தபோது நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். பழுப்பு பெயின்ட் செதில் செதிலாகக் கழன்று விழுந்தது. அடைப்புச் செங்கல் மெலிசு. கொஞ்ச நேரத்தில் முதல் கல் உள்பக்கமாகச் சரிந்து, சத்தமில்லாமல் தூசியில் விழுந்தது. அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்தது. ஊறவைத்து மறந்துபோன துணியின் வாடை. சுண்டுவை டேப்பு இழுத்து அணைத்துக்கொண்டாள்.

ஆள் நுழையும் அளவுக்கு ஆனதும் கணவன் டார்ச்சை அடித்தான். குறுகலான நடை. தரையில் சாம்பல் மாதிரி தூசி. யாரும் இல்லை, எதுவும் இல்லை.

"எதிர்ல ஒரு கதவு இருக்கு அக்கா" என்றான் அவன்.

"மாமியாரோட ரூம். இப்ப நீங்க படுக்கிற ரூம். என்னை ஒரு நாளும் உள்ள விட்டதில்ல. நான் வெளிய வரும்போது அந்தக் கதவு உள்பக்கமாத் திறந்தே கிடக்கும். மூடி நான் பார்த்ததில்ல."

அவன் நடைக்குள் ஒரு கால் வைத்து, டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். லிஃப்ட்டின் தூக்குக் கம்பியும் தாங்கிகளும் எங்கே தேய்கின்றன என்று பார்த்துப் பார்த்தே பழகிய கண் அவனுக்கு.

"அக்கா, உன் கதவுல எந்த மாதிரித் தாழ்ப்பாள் இருந்துச்சு?"

"இரும்பு. கை நீளத்துக்கு. ஏன்?"

"இதுலயும் அதேதான் இருக்கு. நடைப் பக்கமா. கொத்தனார் போட்டதில்ல இது. குமிழ் மழுங்கி, சட்டத்துல பள்ளம் விழுந்திருக்கு. தினமும் போட்டு, தினமும் எடுத்தாத்தான் இப்படித் தேயும்."

நாத்தனாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாய் கோணியது. அழுகை வரவில்லை. ஏதோ பாரத்தைத் தூக்குகிறவள் போல முனகினாள்.

"அவங்களையுமா?" என்றாள். "பெத்த தாயையுமா?"

"சாயங்காலம் அவங்களை முதல்ல திறந்துவிட்டு, அப்புறம் என்னை..." அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "நான் அவங்களைச் சபிச்சுக்கிட்டே இருந்தேனே. தட்டினது அவங்கதானா? நான் இருக்கேன், நானும் இருக்கேன்னு..."

சட்டென்று எழுந்தாள். வந்ததிலிருந்து படியைத் தாண்டாத கால் இப்போது அறைக்குள் வந்தது, கட்டிலைச் சுற்றி நடந்தது, உடைந்த சுவரைத் தாண்டி நடைக்குள் போனது. டேப்பு "அண்ணி, வேணாம்" என்றது அவள் காதில் ஏறவில்லை.

"அக்கா, அந்தப் பக்கம் செங்கல் அடைச்சிருக்கும். திறக்காது."

நாத்தனார் தாழ்ப்பாளைத் தொட்டாள். துருப்பிடித்து இறுகிப்போயிருக்க வேண்டிய இரும்பு. அது எண்ணெய் போட்டது மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

"அத்தை" என்று கூப்பிட்டாள். கல்யாணமான நாள் முதல் அவள் கூப்பிட்டே இராத உறவு அது. "இனிமே யாரும் பூட்ட மாட்டாங்க. வெளிய வாங்க."

டேப்புவின் மனம் தன்னிச்சையாக அளந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் செங்கல். செங்கல்லுக்குப் பின்னால் பூச்சு. பூச்சை ஒட்டித் தன்னுடைய கட்டில், நேற்று மடித்து வைத்த போர்வை. கதவு நகர அங்கே இடமே கிடையாது.

கதவு உள்பக்கமாக, அவசரமில்லாமல், நகர்ந்தது.

டார்ச்சைப் பிடித்திருந்த கணவனின் கை கீழே தொங்கியது. டேப்பு நின்ற இடத்திலிருந்து நாத்தனாரின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு விறைத்தது, பிறகு மெல்லத் தளர்ந்தது. அவள் ஒரு பக்கமாக ஒதுங்கினாள், குறுகிய நடையில் எதிரே வருகிறவருக்கு வழி விடுவது போல.

"ஏம்மா" என்றாள் நாத்தனார், திரும்பாமலேயே. குரல் பழையபடி ஹெட் நர்ஸின் குரலாக ஆகியிருந்தது. "போய் எல்லாருக்கும் டீ போடு."

"எத்... எத்தனை பேருக்கு அண்ணி?"

"நம்ம எல்லாருக்கும்தான். ஒரு டம்ளர் சேர்த்தே வை."